புதுசு மாதிரிக்காரர்

கடைக்குள் நிமிர்ந்து நடந்து போய், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொம்மையைக் கைநீட்டிக் காட்டி, பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? போனார்கள், வாங்கினார்கள், வந்தார்கள். நான் சொல்ல வந்தது வேறொரு பிறவியைப் பற்றி. பிள்ளைக்குப் பரிசு வாங்கியாக வேண்டும், பையில் காசு இல்லை, மானம் மட்டும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதனால் பழைய சாமான் கடையில் ஒரு பொம்மையைப் பிடித்து, கழுவி, துடைத்து, தேய்த்து, பெட்டியில் வைத்துக் கட்டி, 'புதுசு' என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல், "புதுசு மாதிரியே இருக்கு, இல்ல?" என்று வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு திரிவார் பாருங்கள், அவரைப் பற்றி. அவருக்கு நான் வைத்த பெயர் புதுசு மாதிரிக்காரர். பெயர் நன்றாக இல்லை என்றாள், நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருக்கும் என் மகள். நான் மாற்றுவதாக இல்லை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். பழைய சாமான் கடைக்கு இவர் நேராகப் போகவே மாட்டார். எதிர்வாடையில் பேருந்துக்கு நிற்கிறவர் மாதிரி நிற்பார். இரண்டு பேருந்துகள் வந்து போகும். ஏறமாட்டார். தெரிந்த முகம் எதுவும் தெருவில் இல்லை என்று நிச்சயமானதும், மழைக்கு ஒதுங்குகிறவர் போலச் சட்டென்று உள்ளே நுழைவார். வெயில் மண்டையைப் பிளக்கும். யார் கேட்கப்போகிறார்கள்?

உள்ளே ஏற்கெனவே இன்னொரு புதுசு மாதிரிக்காரர் இருப்பார். இருவரும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பார்கள். அதுதான் விதி.

"என்ன, இந்தப் பக்கம்?"

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு. நீங்க?"

"நானும் சும்மாதான்."

இப்படிச் சும்மா வந்த ஒருவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு கரடி பொம்மை இருக்கும். இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் மூன்று சக்கர சைக்கிள் இருக்கும். மூன்று சக்கர சைக்கிளை முதுகுக்குப் பின்னால் மறைக்க முடியுமா என்று கேட்காதீர்கள். முடியாதுதான். ஆனால் மறைப்பார்.

பஞ்சுப் பொம்மையை இவர் முதலில் மூக்கில் வைத்துப் பார்ப்பார். முன்பிருந்த வீட்டில் நாய் உண்டா, யாருக்காவது படுக்கை நனைக்கும் பழக்கம் உண்டா என்பதெல்லாம் அந்த ஒரு மூச்சில் தெரிந்துவிடும். துண்டு துண்டாகச் சேர்க்கும் படப்பெட்டியை எடுத்தால் காதோரம் வைத்துக் குலுக்கி, "இதுல நாலு துண்டு கொறையுது" என்பார். பெட்டியைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்! சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேட்டரி வைத்திருப்பார். கடைக்காரரின் பேட்டரியை நம்பி மோசம்போன அனுபவம் அது.

வீட்டுக்கு வந்தால் அடுத்த சடங்கு. எந்தப் பொருள் வந்த அட்டைப்பெட்டியையும் இந்த வீட்டில் தூக்கிப்போட மாட்டார்கள். பீரோ மேலே கூரை தட்டுகிற அளவுக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பெட்டிமேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று கேட்டால் விழிப்பேன். படம் பார்க்கத் தெரியுமல்லவா? வெளியே இஸ்திரிப் பெட்டி படம், உள்ளே ரயில் வண்டி. வெளியே மின்விசிறி, உள்ளே சமையல் செட்டு. ஒருமுறை ஒரு குழந்தை பெட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு பிரஷர் குக்கர்?" என்று விக்கி விக்கி அழுதது. பிரித்துக் காட்டித் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்புறம் அந்தப் பளபளப்புக் காகிதம். போன வருஷம் மேலே சுற்றியிருந்த அதே காகிதம்தான். மெல்லிய துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, மடிப்பு தெரியாமல் தேய்த்து எடுப்பார்கள். இந்த வீட்டுப் பிள்ளைகளை ஊர்கூடி நிற்கும் இடத்திலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். மற்றப் பிள்ளைகள் பரிசுப் பொட்டலத்தைப் பூனை கருவாட்டுப் பையைப் பிடுங்குவதுபோலக் கிழித்தெறியும். இவர்கள் நகத்தால் ஒட்டுப்பட்டையை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து, காகிதத்தை நாலாக மடித்து, அம்மா கையில் கொடுத்த பிறகுதான் உள்ளே என்ன என்று பார்ப்பார்கள்.

பொதுவாகப் பேசினால் போதுமா? இந்தப் பிறவியில் தலைசிறந்த ஒருவர் என் வீட்டிலேயே இருக்கிறார். என் மாப்பிள்ளை.

அவர் கார் பட்டறையில் பெயிண்டர். மோதி நசுங்கி வந்த வண்டிக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணம் அடித்து நிறுத்தினால், மோதினவனே வந்து பார்த்தாலும் எந்த இடத்தில் மோதினோம் என்று தெரியாது. இப்படிப்பட்டவர் கையில் ஒரு பழைய பொம்மை கிடைத்தால் விடுவாரா? எல்லாவற்றையும் மறைத்தார், ஒன்றைத் தவிர. போன பிறந்தநாளுக்கு என் பேத்திக்கு ஒரு பொம்மைப் பெண்ணை வாங்கிக் கன்னத்துக்கு வண்ணம் பூசி, முடியைச் சீவிக் கொடுத்தார். உள்ளங்காலைப் பார்க்க மறந்துவிட்டார். அங்கே யாரோ ஒரு பிள்ளை தன் பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருந்தது.

அதைக் கண்டுபிடித்தது மாப்பிள்ளையின் அக்கா மகள். என் பேத்தியைவிட ஒரு வயது மூத்தவள். எதைப் பார்த்தாலும் தீர்ப்புச் சொல்வதால் வீட்டில் எல்லோரும் அவளை ஜட்ஜம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஜட்ஜம்மா பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, அந்தப் பெயரை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்து, "இது உன்னோடது இல்ல, வேற யாரோடதோ. மாமா பழசு வாங்கிட்டு வந்துட்டாரு!" என்று தீர்ப்பளித்தாள். வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். என் பேத்தி சிரிக்கவில்லை. அந்தப் பொம்மை அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போனதுதான், பிறகு வெளியே வரவே இல்லை.

அதனால் இந்த வருஷம் மாப்பிள்ளை சபதம் போட்டார். "பட்டறையில வேலையே இல்ல, புதுசு வாங்க வழி இல்ல அத்தை. ஆனா இது பழசுன்னு எவனும் கண்டுபிடிக்கக் கூடாது. எம்பொண்ணு தலைகுனிஞ்சு நிக்கக் கூடாது."

"நிக்காது மாப்பிள்ளை. நானும் வரேன், உள்ளங்காலை நான் பாக்கறேன்," என்று நானும் கிளம்பினேன்.

கடைக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். பேரம் பேசுகிறவர்களின் சத்தம் பாதிதான் உள்ளே போக வேண்டுமாம். மாப்பிள்ளை வேண்டாத இரண்டு பொருளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அலட்சியமாக மூன்றாவதாக ஒன்றைத் தூக்கினார்.

"இதென்னண்ணே, கோழிக்குஞ்சா?"

"கிளி. பேசும்."

"பேசுமா? எங்க வீட்ல இருக்கறவங்க பேசறதே தாங்கல."

"சிவப்பு பட்டனை அமுக்கிட்டு நீங்க பேசுங்க. அப்பறம் பச்சையை அமுக்குங்க, நீங்க பேசினதை அது பேசும். பேட்டரியக் கழட்டினாலும் மறக்காது."

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துப் போட்டார். "ஹலோ, ஹலோ" என்றார். கிளியும் "ஹலோ, ஹலோ" என்றது. இன்னொரு தடவை சிவப்பை அமுக்கினார். பழைய பட்டன் அல்லவா, உள்ளே போனது வெளியே வரவில்லை. அதை யார் கவனித்தார்கள்? பேரம் ஆரம்பமாகிவிட்டது. ரெக்கை ஆடுகிறது என்றார், மூக்கு தேய்ந்திருக்கிறது என்றார், கண் ஒன்று மேலே ஒன்று கீழே என்றார். நான் இன்னொரு பக்கம் பொம்மைகளின் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரத்தில் சொல்ல வேண்டிய பொய்யெல்லாம் தீர்ந்த பிறகு மாப்பிள்ளை தணிந்த குரலில் ஏதோ சொன்னார். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கடைக்காரர் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். விலையைக் குறைத்தார். மாப்பிள்ளை, பேட்டரி வீணாகக் கூடாது என்று உடனே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது.

பிறகு அந்தக் கிளி பட்ட பாடு! பல் துலக்கும் பிரஷ்ஷால் குளிப்பாட்டினார். ஆடிய ரெக்கையை ஒட்டினார். சிக்கியிருந்த பட்டனைத் தட்டி வெளியே எடுத்தார். தேய்ந்த மூக்குக்குப் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, பட்டறையில் மிச்சமிருந்த பச்சையை அடித்தார். முந்தின வாரம் எங்கள் தெருத் தையல்காரரின் ஸ்கூட்டருக்கு அடித்த பச்சை. உள்ளங்கால் இரண்டையும் நான் பார்த்தேன். சுத்தம்.

பிறந்தநாள் அன்று வீடு நிறைய ஆட்கள். பேத்தி ஒட்டுப்பட்டையை உரித்து, காகிதத்தை நாலாக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளியை எடுத்தாள். கிளி மின்னியது. "இந்தப் பச்சை எங்கேயோ பாத்த பச்சையா இருக்கே," என்றார் தையல்காரர். மாப்பிள்ளை அவர் வாயில் ஒரு பெரிய கேக் துண்டை வைத்தார். ஜட்ஜம்மா கிளியை வாங்கித் தலைகீழாகத் திருப்பினாள், காலைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், ரெக்கைக்கு அடியில் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஜெயித்துவிட்டோம்.

அப்போதுதான் மாப்பிள்ளை தானே பேட்டரியைப் போட்டுக் கொடுத்தார். பேத்தி பச்சை பட்டனை அமுக்கினாள்.

"ரெக்கை ஆடுதுண்ணே," என்றது கிளி, மாப்பிள்ளையின் குரலில். "மூக்கு தேஞ்சிருக்கு. இந்தப் பழசுக்கு இவ்ளோ சொல்றீங்களே."

மாப்பிள்ளையின் முகம் பட்டி பார்த்த பிறகு வண்ணம் அடிக்காமல் விட்ட கார் கதவுபோல ஆகிவிட்டது. பறித்துப் பேட்டரியைக் கழற்றலாம் என்று கையை நீட்டினார். பேத்தி கிளியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அது நிறுத்துவதாகவும் இல்லை.

"சரி விடுங்கண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பொய் சொன்னேன். எம்பொண்ணுக்கு வேணும். போன வருஷம் அது மூஞ்சி வாடிப்போச்சு, எனக்கு ஒரு வருஷமா தூக்கம் வரல. அது ஒருதடவை சிரிச்சாப் போதும்ணே."

ஒரு கொர் சத்தம். அதன்பின் என் குரல், தூரத்திலிருந்து: "மாப்பிள்ளை, எல்லாக் காலும் பாத்தாச்சு. வாங்க, பசிக்குது."

ஜட்ஜம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "மாமா, இதுவும் பழசுதானா?"

என் பேத்தி பச்சை பட்டனை இன்னொரு தடவை அமுக்கினாள். முழுவதையும் மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"ஆமா, பழசுதான். உன் பொம்மைக்குள்ள உங்கப்பா இருக்காரா?"

ஜட்ஜம்மா யோசித்தாள். அவளிடம் அத்தனை பொம்மை உண்டு, எல்லாம் புதுசு, எதற்குள்ளும் அப்பா இல்லை. கீழ் உதடு துடிக்க ஆரம்பித்தது. "அம்மா! எனக்கும் அப்பா பேசற கிளி வேணும்!"

"புதுசா வாங்கித் தரேன்டி."

"புதுசு வேணாம்! புதுசுல அப்பா இருக்க மாட்டாரு!"

மாப்பிள்ளையின் அக்கா தன் மகளைச் சமாதானம் செய்து பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் தம்பியைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். நான் அங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை.

"டேய், அந்தக் கடை எங்கடா இருக்கு?"

"உனக்கு எதுக்குக்கா? நீதான் எல்லாம் புதுசா வாங்கறவளாச்சே."

"சும்மா கேட்டேன்டா. பாத்துட்டு வரலாம்னு." குரலை இன்னும் இறக்கினாள். "ஆமா, அங்க பேருந்து நிக்குமா, எதிர்ல?"

சும்மா! கேட்டீர்களா அந்த வார்த்தையை? போன வருஷம் பொம்மையின் உள்ளங்காலைப் பார்த்து முந்தானையால் வாயை மூடிச் சிரித்தவள் அவள்தான். அவளுடைய வீட்டு பீரோ மேலே இதுவரை எதுவும் இருந்ததில்லை. இந்த வாரம் போய்ப் பார்த்தேன். ஒரு அட்டைப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

ஆகையால், வாசிக்கிற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, இவ்வளவு நேரமாக அடுத்த வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? சிரியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்து முடித்ததும், நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தை மட்டும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அங்கே யாருடைய பெயராவது எழுதி, அடித்து, மேலே உங்கள் பெயர் எழுதியிருக்கிறதா?

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். புதுசு மாதிரியேதான் இருக்கிறது.