தொண்ணூற்றாறு மார்க் வாங்கிய பிளேன்டீ

நோர்வூட் கடைத்தெருவில் அன்றைக்கு பஸ்ஸே நகரவில்லை. விஞ்ஞானம் வந்து இறங்கியிருந்தது! வெள்ளைக் கோட்டும் மடிக்கணினியுமாக வந்த அந்த விஞ்ஞானத்தின் பெயர் டொக்டர் பிரதாப். எந்த ஊர் டொக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அப்பன் பாட்டன் வேப்பிலைக்கு ஆடினார்கள். இவர்கள் படித்தவர்கள் அல்லவா, கம்ப்யூட்டருக்கு ஆடினார்கள்.

மண்டபத்தில் பிரதாப் முழங்கினார். "ஒங்க எச்சில்ல ஜீன் இருக்கு. அத எங்க வெட்டித் திருத்தணும்னு ஏஐ பார்த்து நூத்துக்கு மார்க் போடும். எவ்வளவு மார்க்கோ, அவ்வளவு வீதம் நோய் போயிரும். மிச்சத்த நம்ம மருந்து பாத்துக்கும்."

மருந்து போத்தல் ஐயாயிரம்.

கூட்டத்தில் நின்ற ஜீவராணியின் கவலை அண்ணன் மகள் சர்மிளா. எட்டு வயது, தலசீமியா. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை நடமாடும். மறுநாள் ஏற்ற வேண்டும். அண்ணி அம்மாக்கண்ணுவோ மருந்துப் போத்தலோடு குதித்து வந்தாள்.

"தொண்ணூத்தி மூணு, ராணி! இனி ரத்தமே வேணாமாம். நாளைக்குப் போகல."

"எதுக்குப் போட்ட மார்க்கு அண்ணி?"

"கூடுன மார்க்குடி! போதாதா? நீ என்ன டொக்டரா?"

இல்லை, தேயிலைக் கொழுந்து பறிப்பவள். கிலோ கூடினால் நல்ல நாள் என்று பழகிய சனம், பெரிய எண்ணைக் கேட்டதும் மலர்ந்துவிட்டது. ஜீவராணிக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கொழுந்தை ஏற்றுமுன் வெறுந் தராசு என்ன காட்டுகிறது என்று பார்ப்பாள். முள் தள்ளி நின்றால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவையே ஒரு பிடி பிடிப்பாள்.

எச்சில் துப்ப வாசலில் கொடுத்த வெள்ளைப் போத்தலை வாங்கினாள். தேத்தண்ணிக் கடையில் அதை நிரப்பினாள். வரிசையில் நின்றாள். யாருக்கு என்று கேட்டதும், இல்லாத ஒரு மாமனாரை உண்டாக்கினாள். "வீரய்யாங்க. மூச்சு இழுப்பு வருத்தம்."

பிரதாப் போத்தலைத் திறக்கவேயில்லை. கணினிமேல் வைத்தார், தட்டினார், கண்ணை விரித்தார்.

"தொண்ணூத்தி ஆறு! இன்னைக்கு இதுதான் கூட!"

கூட்டம் கைதட்டியது. ஜீவராணி மூடியைத் திறந்து மடமடவென்று குடித்தாள்.

"அடிச் சீ! எச்சிலுடி!" என்று அம்மாக்கண்ணு அலறினாள்.

"பிளேன்டீ. சீனி போட மறந்துட்டேன்."

பிரதாப் சளைக்கவில்லை. "தேயிலைக்கும் ஜீன் இருக்கும்மா!"

"இருக்கட்டுங்க. பிளேன்டீக்கு இழுப்பு எப்பங்க வந்துச்சு?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வரிசையில் நின்ற உயிரியல் டீச்சர் ஷிராணி திரையை எட்டிப் பார்த்தார். "இது ஆராய்ச்சிக்காரங்க பாவிக்கிற இணையப் பக்கம். டீஎன்ஏ எழுத்தக் கொடுத்தா, ஜீன வெட்டுற கத்தரி மாதிரி ஒரு பொருளுக்கு வழிகாட்டுற துண்டுகள்ல எது நல்லா வெட்டலாம்னு ஊகிச்சு மார்க் போடும். அதுவும் வெறும் ஊகந்தான். வெட்டுறது வேற, குணமாகுறது வேற. இவரு ஏற்கெனவே எழுதி வச்ச எழுத்த ஒட்டுறாரு. ஒங்க எச்சில கம்ப்யூட்டர் பார்க்கவே இல்ல!"

விஞ்ஞானம் பின்கதவைத் தேடியது. அங்கே போத்தலோடு பத்துப் பெண்கள் நின்றார்கள்.

அம்மாக்கண்ணு கையிலிருந்த மருந்துப் போத்தலைத் தரையில் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "காலையில மொத பஸ் எத்தன மணிக்கு ராணி?"

மறுநாள் சர்மிளா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையை நீட்டியபடி, ஊசி குத்திய நர்ஸுக்கு நூற்றுக்கு முப்பது மார்க் போட்டாள்.

எந்திரம் ஓர் எண்ணைச் சொன்னால் கும்பிடுவதற்கு முன், அது எதை அளந்தது என்று கேளுங்கள். கேட்பதற்கு மூளை ஒன்று போதும். அதை ஐயாயிரம் கொடுத்து வாங்கத் தேவையில்லை. கழற்றி வைக்காமல் இருந்தால் சரி.