சிற்றம்பலம் படம் திருத்திய கதை

இந்த முறை உண்மை பேசுவதில்லை என்று சிற்றம்பலம் முடிவெடுத்தார். விடிந்ததும், முறிந்து கிடந்த வாழைகளுக்கு நடுவே, வெடிக்காத யானைவெடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று எடுத்த முடிவு அது.

மகள் தேனுகாவின் பிள்ளைப்பேற்றுக்காக மனைவி கமலாசனி வவுனியாவுக்குப் போயிருந்தாள். போகும்போது ஒரேயொரு வேலைதான் சொல்லிவிட்டுப் போனாள். "யானை வந்தா வெடியைக் கொளுத்துங்கோ." யானை வந்தது. வேலியைத் தள்ளியது, வாழையைத் தின்றது, கத்தரிப் பாத்தியை மிதித்தது, ஆறுதலாகத் திரும்பிப் போனது. காவலுக்கு இருந்த சிற்றம்பலம் கொட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

முன்பொருமுறையும் இப்படிக் காவலில் தூங்கி, கச்சான் கடலையைப் பன்றிக்குக் கொடுத்தவர் அவர். அந்தக் கதையைக் கமலாசனி கல்யாண வீட்டிலும் சொன்னாள், செத்த வீட்டிலும் சொன்னாள். பன்றிக்கே இவ்வளவென்றால் யானைக்கு எவ்வளவு? அதுவும் இப்போது சம்பந்தி வீட்டார் எல்லாம் பிள்ளை பார்க்க வந்து போகிற இடத்தில் இருக்கிறாள். மானம் கப்பலேறிவிடும்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

"இஞ்சேருங்கோ, தோட்டத்தை ஒரு படமெடுத்து அனுப்புங்கோ. பேரனுக்குக் காட்டப்போறன்."

"பிறந்து மூண்டு நாள் பிள்ளைக்குத் தோட்டமோ?"

"அவன் கண்ணை முழிச்சுக்கொண்டுதான் கிடக்கிறான்" என்றாள் கமலாசனி. "எல்லாரும் உங்களைப்போலயே?"

பன்றிக் கதை வரப்போகிறது என்று சிற்றம்பலம் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். ஆனால் அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

தொலைபேசியில் படம் திருத்துவது எப்படி என்று தேடினார். காணொளியில் ஒரு பெடியன் வந்து, "வேண்டாததை வெட்டித் தூக்குங்க ப்ரோ" என்றான். சிற்றம்பலம் வேலியை வெட்டினார், வாழையை வெட்டினார், யானையின் காலடிகளை வெட்டினார். மிஞ்சியது ஒரு கத்தரிச் செடியும் அரை மண்வெட்டியும். அனுப்பினார்.

"எங்கையப்பா வேலி?"

"படத்துக்குள்ள அடங்கேல்லை."

"தள்ளி நிண்டு எடுங்கோ."

எவ்வளவு தள்ளி நின்றாலும் வேலி விழுந்துதான் கிடந்தது. விழுந்த வேலியை நிமிர்த்தப் பெடியனிடம் வித்தை இல்லை. பின்னேரம்வரை கதியால் தடிகளை வெட்டி நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, முதுகு பிடித்த பிறகுதான் அடுத்த படம் போனது. செடிகள் வாடியிருந்தன. நிறத்தைக் கூட்டினால் சரி என்று பெடியன் சொல்லியிருந்தான், இவர் கூட்டினார். போதாமல் இன்னும் கூட்டினார்.

"கத்தரி கிளிப்பச்சையாக் கிடக்கு. என்ன போட்டனீங்கள்?"

"நல்ல பசளை."

"பக்கத்தில படுத்திருக்கிற நாயும் பச்சையாத்தான் கிடக்கு. அதுக்கும் போட்டனீங்களோ?"

சிற்றம்பலம் போய், பக்கத்து வளவு வீரபாகுவிடம் கத்தரி நாற்றும் வாழைக்குட்டியும் வாங்கி வந்து நட்டார். காலடிப் பள்ளங்களை மட்டும் படத்தில் விரலால் தேய்த்து அழித்தார். படம் வழுவழு என்று வந்தது.

"கிணத்துக்கட்டில பாதியைக் காணேல்லை" என்றாள் கமலாசனி. "நிலத்தைக் கொத்திச் சமப்படுத்திப்போட்டு எடுங்கோ. படம் வடிவா வரும்."

சிற்றம்பலம் படத்தை உற்றுப் பார்த்தார். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் ஏசவில்லை? தெரியாவிட்டால், சரியாக யானை மிதித்த இடத்தையே ஏன் கேட்கிறாள்? யோசித்து யோசித்து, அவளுக்குப் படப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

கடைசிப் படத்தில் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை. "இதுதான் படம்" என்று பதில் வந்தது. ஒரு பெண்ணை ஏமாற்ற இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே என்று அலுத்துக்கொண்டாலும், வென்றுவிட்ட சந்தோஷம் அவருக்கு நெஞ்சு நிறைய இருந்தது.

அடுத்த கிழமை கமலாசனி வந்தாள். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"பழைய வாழையளை வெட்டிப்போட்டுப் புதுசு வச்சனான்" என்றார் அவர்.

"ஓம், பாத்தனான். இந்தாங்கோ, பேரனைப் பாருங்கோ" என்று தன் தொலைபேசியைக் கொடுத்தாள்.

பேரனைப் பார்த்தார். விரலால் ஒருதரம் கூடுதலாகத் தள்ளிவிட்டார். விழுந்த வேலி வந்தது, முறிந்த வாழை வந்தது. நடுவே கொட்டிலில், யானைவெடியைக் கைப்பிள்ளை போல அணைத்தபடி, வாயைத் திறந்துகொண்டு சிற்றம்பலம் தூங்கினார்.

"இது... ஆர் எடுத்தது?"

"வீரபாகுவின்ர மனுசி பிரேமிளா. நீங்கள் எழும்ப முந்தியே அனுப்பிப்போட்டா. அவா ஒண்டும் திருத்தேல்லை."

"பிறகேன் நீர் என்னை ஏசேல்லை?"

"ஏசியிருந்தா வேலி நிமிர்ந்திருக்குமோ?"

கமலாசனி அடுப்புப் புகை படிந்த குசினிக்குள் போய்ச் சுண்ணாம்பு வாளியோடு வந்து, அதை அவர் கையில் கொடுத்தாள்.

"குசினிச் சுவரையும் ஒரு படமெடுங்கோ. இருட்டாக் கிடக்கு, வெளிச்சத்தைக் கூட்டிப்போட்டு எடுங்கோ."