தார்ப்பாய் வேண்டாம் என்று சொன்ன கதை

வானிலை இலாகாவில் வேலை பார்ப்பவனிடம் மழை வருமா என்று கேட்கவே கூடாது. அறுபதுகளில், பம்பாயில், என் அப்பா கேட்டார். பாவம், பெற்ற பிள்ளையை நம்பிவிட்டார்.

நான் அங்கே வெறும் குமாஸ்தா. கப்பல்களிலிருந்து வரும் தந்திகளைப் பார்த்து வரைபடத்தில் எண்களைக் குறிப்பது என் வேலை. கணித்துச் சொல்வதெல்லாம் பெரிய அதிகாரிகள். ஆனால் நாங்கள் குடியிருந்த மாட்டுங்காவில் எனக்கிருந்த மரியாதையே வேறு. (வருண பகவான் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார் என்று அக்கம்பக்கத்தாருக்கு நினைப்பு. எனக்கும்தான்.)

ஜூன் தொடக்கத்தில் தங்கை ஜானகிக்குக் கல்யாணம். செம்பூரில் ஒரு மைதானத்தில் துணிப்பந்தல். முதல் நாள் மாலை ரேடியோவில் எங்கள் இலாகாவின் அறிவிப்பு வந்தது: அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு, ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்.

"டேய், மழைங்கறானே. பந்தல் மேல தார்ப்பாய் போடச் சொல்லட்டுமா?" என்றார் அப்பா.

"ரேடியோவுக்கே நாங்கதாம்ப்பா சொல்றோம்! பழைய வருஷமெல்லாம் மழை ஆரம்பிச்ச தேதியைக் கூட்டிச் சராசரி பார்த்துட்டேன். பருவமழைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. ஓரிரு இடம்னா நம்ம பந்தல்தானா?"

அதோடு விட்டேனா? கல்கத்தாவைப் புயல் புரட்டிப் போட்டு, பஞ்சமும் வந்த பிறகு வெள்ளைக்காரன் இந்த இலாகாவை ஆரம்பித்த வரலாற்றையும் எடுத்துவிட்டேன். கேட்டுக் களைத்த அப்பா தார்ப்பாய்க்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் முகூர்த்த வேளையில் மழை கொட்டியது. (சில வருஷம் முன்கூட்டியும் சில வருஷம் தாமதமாகவும் வருவதைக் கூட்டித்தான் சராசரி என்பது அப்போதுதான் உறைத்தது.) ஹோமத் தீ அணைந்தது. தண்ணீர் தேங்கித் தொங்கிய பந்தல் துணி, சரியாகச் சம்பந்தியின் தலைக்கு மேல் கிழிந்தது.

"அபசகுனம்! எழுந்திருடா, போகலாம்!" என்று அவர் மகனின் கையைப் பிடித்து இழுத்தார்.

நனைந்த கூறைப்புடவையில் ஜானகி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் தலை குனியாத என் அப்பா, சேற்றில் சம்பந்தியின் காலில் விழுந்தார்.

"பொண்ணைக் கைவிட்டுடாதேள்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அவரைத் தூக்கிவிடக்கூடக் கை எழவில்லை.

"எல்லாரும் நனைஞ்சாச்சு, இனிமே என்னப்பா?" என்று சொல்லி மாப்பிள்ளைதான் தாலியைக் கட்டினார்.

ஜானகியின் குழந்தைகளுக்கு நான் இன்றும் தார்ப்பாய் மாமா. குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும், கான்கிரீட் மண்டபமே ஆனாலும், "தார்ப்பாய் சொல்லியாச்சா அண்ணா?" என்பாள் அவள். எல்லோரும் சிரிப்போம். அப்பா இருந்தவரை, அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார்.