மனைவியைத் தனிமைப்படுத்திய கதை

என் மாமனாருக்குக் காய்ச்சல் வரவே விடுவதில்லை என்று செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு முடிவெடுத்தேன்.

வெறும் வீறாப்பு இல்லை. அவருக்கு வயது எழுபத்தாறு. நுரையீரல் ஏற்கெனவே அரை வேகத்தில்தான் ஓடுகிறது. என் மகளோ ஊரெல்லாம் சுற்றிய காய்ச்சலைப் புத்தகப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தடுக்கத்தான் எனக்குச் சம்பளம். சுகாதார அலுவலகத்தில் நோய்ப் பரவலுக்கு மாடல் போடுகிறவன் நான். பள்ளியை மூடினால் எத்தனை பேர் தப்புவார்கள், கடைகளை மூடினால் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வேன். ஒரு பொத்தானைத் தட்டினால் திரையில் ஒரு நகரமே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். வீட்டில் நான் சொன்னால் ஜன்னல்கூடச் சாத்தாது.

"பொண்ணைத் தனி அறையில விட்டாச்சு. அடுத்து நம்ம வீட்டுக்கு மாடல் போடப் போறேன்," என்றேன் மனைவியிடம்.

"போடுங்க. போற வழியில குப்பையையும் போட்டுடுங்க."

போட்டேன், இரண்டையும். முந்தின நாள் யார் யாரை எத்தனை முறை நெருங்கினார்கள் என்று எல்லாரையும் விசாரித்து எழுதினேன். மாமனார் பதினொன்று. நான் மூன்று. மனைவி நாற்பத்தொன்று! மகளுக்கு மருந்து, அப்பாவுக்குச் சாப்பாடு, எனக்குத் துண்டு, பால்காரர், காய்கறிக்காரர், எதிர்வீட்டம்மா, திரும்பவும் எனக்குத் துண்டு.

கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொன்னது. இப்படியே போனால் வெள்ளிக்கிழமைக்குள் நால்வரும் படுக்கை. மனைவியை மட்டும் விலக்கிப் பார்த்தேன், திரையில் ஏறிய நோய்க் கோடு படுத்துவிட்டது.

"இந்த வீட்டுல நோய் பரவணும்னா உன் வழியாத்தான் பரவணும். நீதான் மையப்புள்ளி."

"கல்யாணமாகிப் பன்னெண்டு வருஷத்துல இப்பத்தான் கண்டுபிடிச்சீங்களா?"

"விளையாட்டில்ல. அஞ்சு நாள் நீ நம்ம படுக்கையறையை விட்டு வரக்கூடாது."

"சமைக்க?"

"கூடாது."

"துவைக்க?"

"கூடவே கூடாது!" மேசையைத் தட்டினேன்.

சண்டை வரும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். வரவில்லை. "உங்க இஷ்டம்," என்று தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பின்னாலேயே ஒரு பெருமூச்சு. சோகப் பெருமூச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. மாடலில் ஒரு புள்ளியை அழித்தால் அது மறைந்துவிடும். அது செய்த வேலை மறையாது. என் பக்கம் நகர்ந்துவிடும்.

பின்வாங்கவில்லை. முகக்கவசத்தைப் போட்டேன், அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இருபது விநாடி கை கழுவினேன். மூன்றாம் நாள் என் உள்ளங்கையில் ரேகையே தெரியவில்லை. சிவப்புக் காலுறையோடு சேர்த்துத் துவைத்ததில் வெள்ளைச் சட்டைகள் ஏழும் ரோஜா நிறமாகிவிட்டன.

"மாப்ளே, உப்பு போட்டிருக்கீங்களா?" என்றார் மாமனார்.

"போட்டிருக்கேன் மாமா."

"தெரியுது. கூட கொஞ்சம் சாப்பாடும் போடுங்க."

நாலாம் நாள் மகளுக்குக் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் காலை மாமனாரின் வாயிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தேன். துளிக்கூட ஏறவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் லட்சக்கணக்கான பேரைத் திரையில் காப்பாற்றியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட என் தோளைத் தட்டியதில்லை. இவர் தட்டினார்.

"காய்ச்சல்லேருந்து பொழச்சேன் மாப்ளே. இனிமே சமையல்லேருந்தும் காப்பாத்துங்க."

துவைத்த துணியோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். அங்கே ஏற்கெனவே மூன்று ஆண்கள் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு வங்கிக்காரர், கீழ்வீட்டு டிராயிங் வாத்தியார், மேல்வீட்டு வக்கீல். மூவர் கையிலும் ஈரத்துணி வாளி. வாத்தியாரின் சட்டை பச்சையாகியிருந்தது.

"அந்த மாடலைப் போட்டது நீங்கதானா சார்?" என்றார் வக்கீல். குறுக்கு விசாரணைக் குரல்.

"உங்க வீட்டுல யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. ஆனா என் மனைவிதான் மையப்புள்ளியாம். நேத்துலேருந்து அறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா."

வாளியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்து மனைவியின் கதவைத் தட்டினேன்.

"யார்கிட்டடி சொன்னே?"

"ஜன்னல் வழியா மூணு பேர்கிட்ட. ஆறடி தள்ளி நின்னுதான் பேசினேன்."

"அதான் நோய் போயிடுச்சே, வெளியே வா!"

"எப்படி வர்றது? உள்ள வர்றப்பவே உங்க மேசையிலேருந்து அலுவலக அறிக்கையை எடுத்துட்டு வந்துட்டேன், அதைத்தான் படிச்சுட்டிருக்கேன். என்னமா எழுதியிருக்கீங்க! பதினாலாம் பக்கத்தைப் பாருங்க. 'ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மேல் பரவினால், அவரது தனிமையை இன்னொரு வாரம் நீட்டிக்க வேண்டும்.' என்கிட்டேருந்து மூணு பேருக்குப் பரவியிருக்குங்களே."

பதினாலாம் பக்கத்தின் அடியில் இருந்தது என் கையெழுத்து.