எதிர்பாராத விருந்தாளியின் இருக்கை

ஒரு விமானப் படைப்பிரிவு பழைய விமானத்திலிருந்து புதிய விமானத்துக்கு மாறுவது மிகச் சாதாரணமான காரியம். பழையதை ஓரமாக நிறுத்த வேண்டும், புதியதில் ஏறி உட்கார வேண்டும். எங்கள் ஸ்தாரி லாஸ் சரக்கு விமானப் பிரிவிலும் அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்துவிட்டது.

பழைய விமானம் சோவியத் காலத்துச் சாமான். அதை ஓட்ட ஐந்து பேர் வேண்டும்: இரண்டு விமானிகள், ஒரு பொறியாளர், ஒரு வானொலிக்காரர், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல ஒரு வழிகாட்டி. மேற்கிலிருந்து வந்த புதிய விமானத்துக்கு இரண்டு பேர் போதும். வழியை அதுவே பார்த்துக்கொள்ளும். கோளாறு என்றால் ஒரு பெண் குரலில், கோபமே இல்லாமல், ஆங்கிலத்தில் சொல்லும். பொறியாளர் கார் கழுவும் கடை வைத்தார். வானொலிக்காரர் செல்போன் விற்கப் போனார். இருவரும் முன்பைவிடச் சந்தோஷமாக இருப்பதாகக் கேள்வி.

மிச்சமிருந்தவர் வழிகாட்டி, கேப்டன் வின்சென்டி கொலாசா. சோதனை ஆணையம் ஒன்று வந்து பார்த்து, மாற்றம் முழுமையடைந்தது என்று கையெழுத்திடும் நாளில் அவர் நாட்டின் வடகிழக்கு மூலையிலுள்ள குளிர்காலப் பூட்ஸ் கிடங்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அந்த ஊரில் தும்மினால் தும்மல் கீழே விழுந்து உடையும் என்பார்கள். கொலாசாவின் மனைவி ஒதிலியா, தன் பிளம் மரங்களை விட்டுவிட்டு வரமுடியாது, பூட்ஸோடு குடித்தனம் நடத்துவதானால் தனியாக நடத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

மேஜர் போகுமில் ட்ரேலாதான் எங்கள் தலைமை விமானி. நான் அவருக்குத் துணை விமானி. ட்ரேலாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இடது, வலது என்று சொல்லியே கொலாசாவுக்கு இளமை போயிருந்தது. அவர் கேட்டது பெரிய விஷயம் எதுவும் இல்லை. அதே முதுகுக்குப் பின்னால் தொடர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு இடமும் இருந்தது. புதிய விமானத்தில் விமானிகள் இருவருக்கும் பின்னால், மடக்கி விரிக்கும்படியான மூன்றாவது இருக்கை ஒன்று உண்டு. கையேட்டில் அதைப் பார்வையாளர் இருக்கை என்று எழுதியிருந்தது. எங்கள் படையில் பார்வையாளர் என்ற பதவி இல்லை என்று தலைமையகம் சொன்னது. பதவி இல்லாதவர் உட்காரக் கூடாது. ஆகவே அது காலியாக இருக்கவேண்டிய இருக்கை.

அந்த நாட்களில் பிரிவு முழுக்க மேற்கத்திய மோகம் தலைக்கேறியிருந்தது. எங்கள் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ட்ரோஸ்த் ஸ்பெயினில் இரண்டு வாரப் பயிற்சி முடித்துவிட்டு வந்ததிலிருந்து, காபியை மருந்து போலச் சின்னக் கோப்பையில்தான் குடிப்பார். கேன்டீனில் பீட்ரூட் சூப்புக்கு ஆங்கிலப் பெயர் வைக்கச் சொன்னார். வைத்தார்கள். யாரும் வாங்கவில்லை. தினமும் குடிக்கும் சூப் திடீரென்று நின்றுவிட்டதாக நினைத்து எல்லோரும் வருத்தப்பட்டார்கள்.

டிசம்பர் தொடங்கியபோது, அந்தக் கேன்டீனில்தான் ட்ரேலாவுக்கு யோசனை வந்தது. கொலாசா சாப்பிடாமல் முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"விட்செக்," என்றார் ட்ரேலா; வின்சென்டியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நம்ம நாட்டுல வேணும்னே காலியா விடற இடம் எதுடா?"

"ரயில்வே விசாரணை கவுன்ட்டர்," என்றார் கொலாசா.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில, முட்டாளே. ஒரு தட்டு, ஒரு நாற்காலி. யாருக்கு?"

"எதிர்பாராத விருந்தாளிக்கு."

"அந்தத் தட்டை எடுன்னு சொல்ற தைரியம் எந்தக் கர்னலுக்காவது இருக்கா?"

கொலாசா முட்டைக்கோஸைச் சாப்பிடத் தொடங்கினார்.

ஆணையத்தின் தலைவர் கர்னல் ஃபெலிக்ஸ் ஸ்கிபா தலைநகரிலிருந்து வந்தார். நேர்மையான மனிதர். எந்த விதிக்கும் எதிராக அவர் எதுவும் செய்ததில்லை, எந்த விதியும் இல்லாத இடத்தில் அவர் எதுவுமே செய்ததில்லை. விமானத்தைச் சுற்றிப் பார்த்தார், திருப்திப்பட்டார், மூன்றாவது இருக்கையின் முன் நின்றார். இது யாருக்கு என்று கேட்டார். மேஜர் ட்ரேலா விறைப்பாக நின்று, நம் முன்னோர் வழக்கப்படி எதிர்பாராத விருந்தாளிக்கு என்று அறிவித்தார்.

ஸ்கிபாவின் முகத்தில் மேற்கத்தியத் தரக் கட்டுப்பாடும் அவருடைய அம்மாவும் மல்லுக்கட்டுவது தெரிந்தது. கடைசியில் அம்மா ஜெயித்தார்.

"மறுக்க முடியாது," என்றார். "யார் அந்த விருந்தாளி?"

"கேப்டன் கொலாசா."

"எல்லாப் பயணத்துக்கும் அவரேவா?"

"அவரேதான்."

"அப்போ அவரை நீங்க எதிர்பார்க்கறீங்களே."

இது நாங்கள் எதிர்பாராத கேள்வி. ட்ரேலா என்னைப் பார்த்தார், நான் கொலாசாவைப் பார்த்தேன். கொலாசா பூட்ஸைப் பார்த்தார்.

ஆனால் ஸ்கிபா இருக்கையை ஒப்புக்கொண்டுவிட்டார், இனி பின்வாங்குவது ஒழுங்கல்ல. ஆகவே நடைமுறை ஒன்றை வகுத்தார். விமானம் புறப்படத் தயாரானதும் கேப்டன் கொலாசா வெளியிலிருந்து கதவைத் தட்ட வேண்டும். யார் என்று விமானி கேட்க வேண்டும். வழிப்போக்கன் என்று பதில் வர வேண்டும். அப்போது விமானிகள் இருவரும் வியப்படைய வேண்டும். வியப்பு உண்மையானதாக, அளவானதாக, பறத்தலின் பாதுகாப்புக்குக் குந்தகம் விளைவிக்காததாக இருத்தல் வேண்டும்.

அன்றே சோதனை நடந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கொலாசா தட்டினார்.

"சீக்கிரம் ஏறுடா, குளிருது," என்றார் ட்ரேலா.

வியப்பு இல்லை, தோல்வி என்று ஸ்கிபா குறித்துக்கொண்டார். இரண்டாம் முறை தட்டியபோது நான் என் கடமையில் குறை இருக்கக் கூடாது என்று நினைத்துக் கையிலிருந்த காபியைக் கருவிப் பலகையில் கொட்டிவிட்டேன். விமானம் பெண் குரலில் எதையோ சொன்னது. மிகை வியப்பு, பாதுகாப்புக் குறைபாடு, தோல்வி. மூன்றாம் முறை ட்ரேலா புருவத்தை மட்டும் உயர்த்தினார், நான் "அட" என்றேன். தேர்ச்சி. மாற்றம் முழுமையடைந்தது என்று ஸ்கிபா கையெழுத்திட்டார். கொலாசாவின் பூட்ஸ் கிடங்கு உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

அதன் பிறகு ஒரு வருடம் நாங்கள் ஒழுங்காகப் பறந்தோம். கொலாசா தட்டுவார், நாங்கள் வியப்போம், அவர் ட்ரேலாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இடது, வலது என்பார். விமானம் அதற்குள் திரும்பியிருக்கும். விருந்தாளி என்றால் சாப்பாடு கொடுக்க வேண்டும் அல்லவா, ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தட்டு பீட்ரூட் சூப்பும் வைத்தோம். மலைகளுக்கு மேல் குலுங்கிப் போகும்போது அது கூரையில் இருக்கும்.

இந்தச் செய்தி பரவியது. எங்களுக்கு இருக்கும் விருந்தாளி தங்களுக்கு ஏன் இல்லை என்று மற்றப் பிரிவுகள் கேட்டன. டாங்கிப் படையும் கேட்டது. ஒரு வெளிநாட்டுக் குழு வந்து பார்த்து, மிக முன்னேறிய முறை என்று பாராட்டிவிட்டுப் போனது. ட்ரோஸ்த் உடனே ஸ்பெயின் காபியை விட்டுவிட்டு மரபுவாதி ஆகி, மீசை வளர்க்கத் தொடங்கினார். தலைமையகத்தில் எதிர்பாராமைத் துறை என்று ஒன்று திறந்தார்கள். கர்னல் ஸ்கிபா அதற்குத் தலைவர். இனி எதிர்பாராத விருந்தாளிகள் அனைவரும் ஒரு மாதம் முன்னதாகப் பெயர் கொடுத்து, ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று துறை முதல் சுற்றறிக்கையை அனுப்பியது. எதிர்பாராத விருந்தாளி இல்லாமல் எந்த விமானமும் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது என்றது இரண்டாவது சுற்றறிக்கை.

மூன்றாவதுதான் எங்கள் தலையில் இடியைப் போட்டது. திரும்பத் திரும்ப வருபவர் விருந்தாளி அல்ல, உறவினர். உறவினருக்கு விமானத்தில் இடமில்லை. கேப்டன் கொலாசா உறவினராக வகைப்படுத்தப்படுகிறார். பூட்ஸ் கிடங்கு அவருக்காகக் காத்திருக்கிறது, புத்தாண்டு முதல்.

கொலாசா அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு ட்ரேலாவிடம், "பரவால்லடா, இத்தனை வருஷத்துல உன் தம்பின்னு எழுத்துமூலமா சொல்லிட்டாங்க," என்றார். ட்ரேலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, வெளிநாட்டில் காவலிருக்கும் நம் சிப்பாய்களுக்குப் பண்டிகை அலங்காரத்துக்கான ஃபிர் மரங்களும், வீட்டில் எல்லோரும் பிட்டுப் பகிர்ந்து தின்னும் மெல்லிய அப்பத் தகடுகளும் ஏற்றிக்கொண்டு, முதலில் தலைநகரில் இறங்கி, பிறகு தெற்கே பறக்க வேண்டும். எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அன்றைய பட்டியலில் இருந்த எதிர்பாராத விருந்தாளி, ஒரு தளவாட அதிகாரி, காய்ச்சல் என்று வரவில்லை. விருந்தாளி இல்லாமல் கிளம்பக் கூடாது. இயந்திரத்தை ஓடவிட்டபடி, யாராவது எதிர்பாராமல் வரமாட்டார்களா என்று காத்திருந்தோம்.

கதவு தட்டப்பட்டது.

"யாரு?" என்றார் ட்ரேலா.

"கர்னல் ஸ்கிபா. உங்க பட்டியலைச் சோதிக்க வந்தேன், என் கார் பனியில மாட்டிக்கிச்சு. நீங்க தலைநகர் வழியாத்தானே போறீங்க. வீட்ல குழந்தைங்க காத்திட்டிருக்காங்க. கதவைத் திறங்க."

எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. அளவான வியப்பு. ட்ரேலா பட்டியலை எடுத்து நிதானமாகப் பார்த்தார்.

"உங்க பேர் இல்லையே, கர்னல்."

"யோவ், அந்தப் பட்டியலைப் போட்டதே நான்தான்."

"அப்படின்னா உங்களை எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சவர் எதிர்பாராத விருந்தாளி ஆக முடியாதுன்னு உங்க நாலாவது சுற்றறிக்கை சொல்லுது."

"அப்போ என்னை உறவினர்னு வெச்சுக்குங்க."

"உறவினருக்கு இடமில்லைங்க."

ஸ்கிபா நேர்மையான மனிதர் என்று சொன்னேனே. தன் விதியில் ஓட்டை தேடினார், கிடைக்கவில்லை. பனியில் நடந்து போனார். விருந்தாளி இல்லாத காரணத்தால் பயணம் ரத்து என்று நாங்கள் அறிவித்துவிட்டு, ஃபிர் மரங்களை இறக்கி வைத்தோம்.

மாலையில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் அதிகாரிகள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். எல்லா மேசையிலும் வெள்ளை விரிப்பு, அதன் கீழே வழக்கப்படி வைக்கோல், ஓரத்தில் ஒரு காலித் தட்டு. ஊருக்குப் போக வழியில்லாத ஸ்கிபா முதல் மாடியிலிருந்து கதவுகளைத் தட்டத் தொடங்கினார். ட்ரோஸ்த் வீட்டில், முன்கூட்டியே தகவல் இல்லை என்று வருத்தம் தெரிவித்தார்கள். ட்ரேலா வீட்டில் கதவின் சங்கிலியை எடுக்காமலே பட்டியலைக் கேட்டார்கள். என் வீட்டில், தட்டு காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அது எதிர்பாராதவருக்கு, நீங்கள் வருவது மாடிப்படியிலேயே கேட்டுவிட்டது என்று விளக்கினோம். இரண்டு மாடி, எல்லாக் கதவும்.

கடைசிக் கதவு கொலாசாவுடையது. பெட்டிகள் பாதி கட்டியிருந்தன. கொலாசா கதவைத் திறந்தார். யார் என்று கேட்கவில்லை, புருவத்தை உயர்த்தவுமில்லை.

"உள்ள வாங்க," என்றார். "பூட்ஸை அங்கயே கழட்டிடுங்க. மீன் ஆறிடும்."

பண்டிகைக்காக உயிரோடு வாங்கி, அவர்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் மூன்று நாள் நீந்தவிட்ட கெண்டைமீனின் பெரிய துண்டு ஸ்கிபாவின் தட்டுக்குப் போனதாக ஒதிலியா பிறகு சொன்னார். கர்னல் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். நடைமுறைப்படி ஒரு தவறுகூட நடக்காத அந்த வீட்டில், எந்த நடைமுறையும் இல்லை என்பதைக் கவனித்துக் கலங்கினாராம்.

புத்தாண்டில் உத்தரவு வந்தது. எதிர்பாராமைத் துறை கலைக்கப்படுகிறது. மூன்றாவது இருக்கையில் இனி பார்வையாளர் உட்காரலாம், அந்தப் பதவி உருவாக்கப்பட்டுள்ளது, கேப்டன் கொலாசா அதில் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். நாங்கள் கைதட்டினோம். ட்ரேலா அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு இரண்டாம் பக்கத்தைத் திருப்பினோம். கதவருகே பட்டியலைச் சரிபார்ப்பதில் மேஜர் ட்ரேலாவும் துணை விமானியும் காட்டிய அசாத்தியத் திறமையைக் கருதி, இருவரும் உடனடியாகக் குளிர்காலப் பூட்ஸ் கிடங்குக்கு மாற்றப்படுகிறார்கள்.

புதிய விமானம் இப்போது ஸ்தாரி லாஸில் பத்திரமாக நிற்கிறது. வேறு விமானிகளைப் பயிற்சிக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். அவர்கள் வரும்வரை கொலாசா தினமும் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் இரண்டு காலி இருக்கைகளைப் பார்வையிடுகிறார். அதுதான் அவருடைய பதவி.

எங்களுக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. கால் சூடாக இருக்கிறது. கிடங்கு அறையில் மூன்று நாற்காலி, ஒன்றை வழக்கப்படி காலியாக வைத்திருக்கிறோம். போன ஞாயிறு, பனி முழங்கால் அளவு இருந்தபோது, யாரோ கதவைத் தட்டினார்கள். யார் என்று ட்ரேலா கேட்டார்.

"நான்தான்டா, விட்செக். ஒதிலியா மீன் குடுத்தனுப்பினா."

ட்ரேலா வேகமாக எழுந்தார். கதவு வரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். பிறகு அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது.

"தம்பி," என்றார் என்னிடம், "பட்டியல் எங்க?"