ஏழாம் பாகத்தை முந்திப் படித்தவர்

இந்தத் தடவை விடுவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் தீர்மானித்துவிட்டார். 'பச்சைக் குடை' துப்பறியும் தொடரின் ஏழாம் பாகத்தை அவர்தான் முதலில் படிப்பார். படித்துவிட்டு, கொலைகாரன் யார் என்று பெண்டாட்டியின் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பார். வானமே இடிந்து விழுந்தாலும் சரி.

பின்னே என்னங்க? மனுஷன் எத்தனைதான் பொறுப்பார்? ஒவ்வொரு பாகத்தையும் அலைந்து திரிந்து வாங்கி வருவது இவர். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடுங்கிக்கொண்டு போவது அந்த அம்மாள். கணக்கு டீச்சர் அல்லவா? வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில் படித்துத் தள்ளிவிட்டு, இவர் முதல் வாய்ச் சோற்றை எடுக்கும்போது, "கொன்னது தோட்டக்காரன்தாங்க" என்று தண்ணீர்ச் சொம்பை வைப்பாள்.

முடிவு தெரிந்த கதையை எவன் படிப்பான்? முதல் பாகத்துக்கு அப்புறம் எதையும் இவர் பிரித்ததே இல்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே! இரண்டு வாரம் கழித்து, "நானும் படிச்சேன். பத்தாம் பக்கத்துலயே எனக்கு அவன் மேல சந்தேகம்" என்று மீசையைத் தடவிக்கொள்வார். இது நமக்குள் இருக்கட்டும்.

ஏழாம் பாகம் வந்தது. சத்தமில்லாமல் வாங்கி வந்து, கருவிப் பைக்குள் ஸ்பேனர்களுக்கு அடியில் புதைத்தார்.

"பையைத் தொடாதே. கிரீஸு" என்றார்.

"சரிங்க."

"அதை நகர்த்தக்கூடச் செய்யாதே."

"சரிங்க."

"அந்தப் பக்கமே போகாதே!"

"அய்ய, சரின்னேன்ல?"

மறுநாள் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. எண்ணெய் போடுவது அரை மணி நேரத்தில் முடிந்தது. லிஃப்டை நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிறுத்தி, உள்ளே சப்பணம் போட்டு உட்கார்ந்து, நேராக முதல் அத்தியாயத்தைப் பிரித்தார். அடடா, என்ன சுகம்! பெண்டாட்டி வர முடியாத இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

இரண்டாம் அத்தியாயத்தில் துப்பறிவாளரின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள்.

மெக்கானிக் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள்தான் ஐந்தாம் பாகத்தில் செத்துப்போனாளே! டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாளே! ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் பளிச்சென்று விளங்கிற்று. ஆவி!

"ஆளு பெரிய கில்லாடிய்யா" என்று எழுத்தாளரை வாய்விட்டுப் பாராட்டினார். ஐந்தாம் அத்தியாயத்தில் அந்த ஆவி கடைக்குப் போய்க் காய்கறி வாங்கியது. ஒன்பதாம் அத்தியாயத்தில் அதற்குச் சளி பிடித்தது. செத்த பிறகும் குடும்பப் பெண்களுக்கு ஓய்வு இல்லையே என்று இவர் உச்சுக் கொட்டினார்.

மேலேயிருந்து ஆறாம் மாடி மூட்டுவலிக்காரர் கத்தினார். "ஏம்ப்பா! லிஃப்ட் எப்பத்தான் சரியாகும்?"

"இன்னும் ரெண்டு அத்தியாயம்... ரெண்டு போல்ட்டு சார்!"

"காலையிலயும் ரெண்டு போல்ட்டுன்னுதானே சொன்னே?"

"அது வேற போல்ட்டு சார்! இப்பத்தான் சந்தேகம் மருந்துக்கடைக்காரர் மேல திரும்புது!"

சாயங்காலம் நாலு மணிக்குக் கடைசிப் பக்கம் முடிந்தது. மெக்கானிக் வீட்டுக்கு ஓட்டமாக ஓடினார். டீச்சர் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கொன்னது மருந்துக்கடைக்காரன்!" என்று நிலைப்படியிலிருந்தே முழங்கினார். பதினெட்டு வருஷத்து ஆவேசம் அது.

டீச்சர் தலை நிமிரவில்லை. "ஆமா. மூணாம் பாகத்துல."

"ஏழாம் பாகம்டி!"

"அட்டைதாங்க ஏழு. உள்ள இருந்தது மூணு. பதினெட்டு வருஷமாப் பையை நடு வீட்டுல போட்டுட்டு என்னை எடுத்து வைக்கச் சொல்ற மனுஷன், திடீர்னு தொடாதேன்னா எனக்குத் தோணாதா? மேல சுத்தியிருந்த அட்டையைக் கழட்டி மாத்திட்டேன். முதல் பக்கத்துலயே மூணாம் பாகம்னு போட்டிருக்கே, பாக்கலையா?"

"நான் நேரா கதைக்குப் போயிடுவேன்" என்றார் பலவீனமாக. பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "பொய் சொல்லாதே! மூணாம் பாகத்துல கொன்னது பாட்டு வாத்தியாரு!"

"அது நான் சொன்னது."

"ஆங்?"

"வகுப்புல யாரு பாத்து எழுதுறாங்கன்னு கண்டுபிடிக்க, வேணும்னே ஒரு தப்பு விடையை நடுவுல விட்டு வைப்பேன். அப்படித்தான் உங்ககிட்டயும் பாட்டு வாத்தியார்னேன். ரெண்டு வாரம் கழிச்சு நீங்க வந்து, பத்தாம் பக்கத்துலயே பாட்டு வாத்தியார் மேல சந்தேகம்னீங்க. பாவம், அவர் கதையில வர்றதே எண்பதாம் பக்கத்துலதான்."

மெக்கானிக் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். மானம் போனது போகட்டும். ஏழாம் பாகமாவது மிஞ்சட்டும்.

"அந்த ஏழு எங்கே?"

"முடிச்சுட்டேன். கொன்னது..."

"வேண்டாம்! சொல்லாதே! உனக்குப் புண்ணியமாப் போகும்!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"...சமையல்காரி."

கை போதவில்லை. கேட்டுவிட்டது. காதிலிருந்து கையை எடுத்தார். பரிதாபமாகப் பார்த்தார்.

"நிஜமாச் சொல்றியா, தப்பு விடையா? அதையாவது சொல்லேன்."

டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"சொன்னா மட்டும் நம்பிடுவீங்களா?"