யாருக்கும் பின்னால் நிற்காத பெட்டிகள்

கனகராயன்குளம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய தயாபரன் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் பரமேஸ்வரன் எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நாங்கள் நலம், மாடு கன்று நலம், வயலும் குறையில்லை. அங்கே அந்தக் குளிரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். கோயிலுக்கு நீங்கள் அனுப்பிய அம்பிளிபயரும் இன்றைய நிலையில் நலம். சென்ற செவ்வாய்க்கிழமை அது செத்துப்போயிருந்தது என்பதை வேறு யாரும் வாட்ஸ்அப்பில் சொல்லுமுன், கோயில் செயலாளர் என்ற முறையில் நானே சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பொங்கலுக்கு நீங்கள் வந்து இறங்கும்போது அது பாடாவிட்டால், என் பதவி போவது கிடக்கட்டும், அக்கா முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

நடந்தது இதுதான். அம்பிளிபயரின் முதுகில் ‘நாலு ஓம்ஸுக்குக் குறையக் கூடாது’ என்று இருக்கிறது. ஓம்ஸ் என்பது பெட்டிகள் கரண்டை மறிக்கிற அளவாம்; நேர் லைன் கூடக் கூட அது குறைந்து, கரண்டு கூடிப் பாயுமாம். இந்த வருடம் ஏரம்பு அண்ணை, அப்புத்துரையர், தர்மிளா ரீச்சர், அரிசி ஆலைக்காரர் ஆகிய நாலு பேரும் ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டி உபயம் செய்தார்கள். ஒவ்வொன்றும் எட்டு ஓம்ஸ்; ஒவ்வொன்றிலும் பெட்டியை மறைக்கிற அளவுக்குப் பெயர். அப்புத்துரையரின் பெட்டிக்குள்ளால் ஏரம்பு அண்ணையின் பெட்டிக்கு நான் வயர் இழுக்கப் போனேனோ இல்லையோ, ஏரம்பு அண்ணை சால்வையை உதறிக்கொண்டு எழும்பிவிட்டார். “எடேய் பரமேசு, எத்தினை வருசமா வாய்க்கால்ல அவன்ர வயல் குடிச்ச மிச்சத் தண்ணிதான் எனக்கு வருது. கோயில்லயும் அவன் குடிச்ச மிச்சக் கரண்டோ? எனக்கு நேர் லைன் வேணும்!” ஒருவருக்கு நேர் லைன் என்றால் மற்றவர்கள் விடுவார்களா? ரீச்சர் கதிரையை விட்டு எழும்பாமலே, “நான் ஒருத்தருக்கும் பின்னால நிக்கமாட்டன்” என்றா. நாலு பேருக்கும் அம்பிளிபயரிலிருந்து தனித்தனியே நேர் லைன் கொடுத்தேன். நியாயம் ஏறியது, ஓம்ஸ் இரண்டுக்கு இறங்கியது. முதல் பாட்டின் இரண்டாம் வரியிலேயே புகை வந்தது. யாரோ சாம்பிராணி போட்டதாக நினைத்து எல்லோரும் கும்பிட்டோம்.

வவுனியாவிலிருந்து றேடியோ திருத்துகிற பைறூஸ் வந்தார். வயர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “ஐயா, ஒரு குளத்துல நாலு துருசுக் கதவையும் ஒண்டாத் திறந்துபோட்டு, வாய்க்கால் உடைஞ்சிட்டெண்டு அழுறீங்களே!” எரிந்ததை மாற்றினார். இரண்டிரண்டு பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்தால் சோடிக்குப் பதினாறு, இரண்டு சோடியையும் பக்கம் பக்கமாகக் கொழுவினால் மொத்தம் எட்டு, அம்பிளிபயர் நித்திரையிலும் பாடும் என்றார். ஆனால் சோடியில் யார் முன்னுக்கு? ஏரம்பு அண்ணை மறுபடியும் சால்வையில் கை வைத்தார். “அண்ணே, இது வாய்க்கால் தண்ணி இல்ல. செக்கனுக்கு நூறு தரம், ஆயிரம் தரம் அங்காலயும் இங்காலயும் ஓடுற சாமான். ஒருக்கா அவர்ட பக்கத்தால வரும், மற்றத்தரம் உங்கட பக்கத்தால வரும்” என்றார் பைறூஸ். ஏரம்பு அண்ணை யோசித்தார். “முதல்தரம் ஆற்ர பக்கத்தால?” “உங்கட பக்கத்தாலதான்.” பிறகு அப்புத்துரையரைத் தனியே கூப்பிட்டு அவருக்கும் அதையே சொன்னார். அம்மன் பொறுக்கக்கூடிய பொய். பொங்கலன்று பைறூஸுக்குச் சால்வை போர்த்துவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறேன்.

நேற்று முழுக்கப் பாடியது, தொட்டுப் பார்த்தேன், சுடவேயில்லை. எனவே கோபமில்லாமல் வாருங்கள். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் விமானத்துக்கும் எங்கள் கரண்டுக்கும் அம்மன் காவலிருக்கட்டும்.

இப்படிக்கு,
இ. பரமேஸ்வரன்,
செயலாளர் (இந்த நிமிடம் வரை).

பி.கு: என் மகள் கௌசலா இதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்ப இருந்த நேரம், நீங்கள் கப்பலில் போட்ட ஸ்பீக்கர் பெட்டி வந்து இறங்கியது. உங்கள் அம்மா, எங்கள் மாமியின் பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறது. இதுவும் எட்டு ஓம்ஸ்தான், இதை மட்டும் நேராகக் கொழுவினால் மொத்தம் நாலு ஓம்ஸ், தாங்கும் என்று பைறூஸ் போனில் சொன்னார். ஆனால் உள்ளே உங்கள் கையெழுத்தில் இருந்த துண்டை நான் எல்லோருக்கும் முன்னால் உரத்து வாசித்துவிட்டேன்: ‘அம்மாவின் பெட்டியை ஒருவருக்கும் பின்னால் கொழுவ வேண்டாம். நேர் லைன் கொடுக்கவும்.’ நாலு பேரும் தங்கள் வயர்களைக் கழற்றிக்கொண்டு, தங்களுக்கும் நேர் லைன்தான் வேண்டும் என்று அம்பிளிபயரைச் சுற்றி நிற்கிறார்கள். இனி இரண்டு வழிதான். மாமியின் பெட்டி ஏரம்பு அண்ணையின் பெட்டிக்குப் பின்னால் நிற்கச் சம்மதம் என்று இன்றைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கள். அல்லது இன்னும் இரண்டு அம்பிளிபயர் கொண்டுவாருங்கள்; ஒன்று இரண்டு நேர் லைனுக்கு மேல் தாங்காது. எனக்கு உங்களைத் தெரியும், அத்தான். அந்த இரண்டு அம்பிளிபயரும் கைப்பைக்குள் அடங்குமா என்று இப்போதே அளந்து பாருங்கள்.